தன் நாட்டிலேயே தயங்கி நிற்கும் நோட்டு

அரசு ஒன்றாயின் பணமும் ஒன்றே என்பது நாம் எல்லோரும் இயல்பாகக் கொண்டிருக்கும் எண்ணம். கன்னியாகுமரியில் கைக்கு வந்த நூறு ரூபாய் நோட்டைக் காஷ்மீரத்தில் நீட்டினாலும் கடைக்காரர் அதை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. வாங்கிக் கல்லாப் பெட்டியில் போட்டுவிட்டுச் சில்லறை தருகிறார். ஆனால், உலகுக்கே வங்கித் தொழிலைக் கற்பித்ததாகப் பெயர் பெற்ற பிரித்தானிய நாட்டில் நிலைமை வேறு. அங்கே வடக்கில் வாங்கிய நோட்டைத் தெற்கில் நீட்டினால், வாங்குவோரும் உண்டு. விளக்கொளியில் பிடித்துப் பார்ப்போரும் உண்டு. 'வேண்டாம்' என்று திருப்பித் தருவோரும் உண்டு. "தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை" என்னும் நம் பழமொழி மனிதருக்கு மட்டுமன்று, காசுக்கும் பொருந்தும் என்பதை அங்கே காணலாம்.

நம் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞரும் செவிலியரும் இன்று அந்நாட்டில் படிப்புக்காகவும் பணிக்காகவும் பெருகி வாழ்கின்றனர். ஆதலின் இந்த விந்தையின் வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நமக்கும் பயன் தரும்.

மண்மேட்டின்மேல் ஒரு வங்கி

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் இரயிலை விட்டு இறங்குவோர் கால் வைக்கும் நிலையத்தின் பெயர் வேவர்லி. அது சர் வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளரின் புதினங்களால் வந்த பெயர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால், 61 மீட்டர் உயரத்தில், புகை படிந்து கறுத்த கற்கோபுரம் ஒன்று வானளாவி நிற்கிறது. அதுவும் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னமே. 287 படிகள் ஏறினால் நகர் முழுவதையும் அதன் உச்சியிலிருந்து காணலாம். ஓர் எழுத்தாளனுக்கு இத்துணைப் பெரிய சிறப்பா என்று வியப்போர், சற்று நேரத்தில் அங்குள்ள கடை ஒன்றில் மிச்சச் சில்லறையாகப் பெறும் நோட்டிலும் அதே முகத்தைக் கண்டு மேலும் வியப்பர். ஸ்காட்லாந்து வங்கி வெளியிடும் நோட்டுகள் அனைத்திலும் இருப்பது அவர் உருவமே. அரசரின் உருவம் அவற்றில் இல்லை.

கோபுரத்துக்கு எதிர்ப்புறம் பழைய நகரையும் புதிய நகரையும் இணைக்கும் ஒரு மேடு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய நகரை எழுப்ப அடித்தளம் தோண்டியபோது கிடைத்த மண்ணையெல்லாம் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. அதன்மேல் குவிமாடத்தோடு விளங்கும் கட்டடமே ஸ்காட்லாந்து வங்கியின் தலைமையகம். அதில் பணத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். பத்து இலட்சம் பவுண்டு எப்படியிருக்கும் என்று கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்திருக்கின்றனர். ஆசையோடு நெருங்கிப் பார்த்தால், அவை யாவும் செல்லாதவையாக்கப்பட்ட நோட்டுகள்!

சிறிது தொலைவு நடந்து புனித அந்திரேயா சதுக்கத்தை அடைந்தால், அங்கே அரச வங்கியின் மாளிகை. அதன் உட்கூடத்துக் குவிமாடத்தில் விண்மீன் வடிவில் சாளரங்கள் வெட்டப்பட்டிருப்பதால், பகல் வெளிச்சம் வானத்து மீன்களைப் போல் உள்ளே விழுகிறது. கிளாஸ்கோ நகரில் 1838-இல் தோன்றிய கிளைட்ஸ்டேல் வங்கி, நோட்டு வெளியிடும் மூன்றாவது வங்கியாக விளங்கி வந்துள்ளது. ஆக, நடுவண் வங்கி ஒன்றே நோட்டு அச்சிடும் என்று பழகிய நமக்கு, மூன்று வாணிக வங்கிகளின் மூவகை நோட்டுகள் ஒரே பணப்பையில் கலந்து கிடப்பது புதுமையே. ஒன்றில் நீர்நாய்கள் விளையாடும். மற்றொன்றில் வளைந்து செல்லும் பாலத்தின்மேல் நீராவி இரயில் ஓடும். வேறொன்றில் கவிஞர் பர்ன்ஸ் நம்மை நோக்குவார்.

நோட்டு பிறந்த கதை

இங்கிலாந்து வங்கி 1694-இலும், ஸ்காட்லாந்து வங்கி அதற்கு அடுத்த ஆண்டாகிய 1695-இலும் தோன்றின. அப்போது இரண்டும் தனித்தனி நாடாளுமன்றங்கள் கொண்ட நாடுகள். ஸ்காட்லாந்து ஏழை நாடு. பொன்னும் வெள்ளியும் அங்கே அரிதாயிருந்தன. நாணயம் போதாமையால் வாணிகம் மூச்சுத் திணறிய அந்நாட்டுக்குக் காகித நோட்டு உயிர்க்காற்றாயிற்று. 1707-இல் இரு நாடுகளும் ஒன்றிணைந்தபோது உடன்படிக்கை நாணயத்தை ஒன்றாக்கியது. ஆனால் வங்கிகளின் நோட்டுகள் தத்தம் வழியிலேயே சென்றன.

1727-இல் அரச வங்கி தோன்றியதும் போட்டி மூண்டது. புதிய வங்கி பழைய வங்கியின் நோட்டுகளைத் திரட்டி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கொண்டு சென்று, 'இவற்றுக்கு ஈடான நாணயத்தை எண்ணி வை' என்று கேட்டது. நோட்டு என்பது 'கேட்டவுடன் தருவேன்' என்ற வாக்குறுதிதானே! 1728-இல் பழைய வங்கி சில காலம் கதவடைக்க நேர்ந்தது. எனினும், இப்படி ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள், நாளடைவில், அப்போட்டியால் இருவருக்கும் கேடே என்று உணர்ந்தனர். ஒருவர் நோட்டை மற்றவர் ஏற்பதும், குறித்த நாள்களில் கூடி அவற்றை மாற்றிக்கொண்டு கணக்குத் தீர்ப்பதும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கமாயின.

அந்த வழக்கத்தின் அருமை 1878-இல் விளங்கிற்று. கிளாஸ்கோ நகர வங்கி என்ற ஒரு பெரிய வங்கி, இயக்குநர்களின் பொய்க் கணக்கால் அவ்வாண்டு நொடித்து வீழ்ந்தது. பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பில்லாத காலம் அது. வீடும் நிலமும் விற்றுக் கடனைக் கட்டிய பங்குதாரர்களில் பெரும்பாலோர் ஓட்டாண்டிகளாயினர். இயக்குநர்கள் சிறை சென்றனர். ஆயினும், அவ்வங்கியின் நோட்டைக் கையில் வைத்திருந்த கூலியாளும் கைம்பெண்ணும் ஒரு காசும் இழக்கவில்லை. ஏனெனில் மற்ற வங்கிகள் அந்நோட்டுகளை ஏற்றுக்கொள்வதாக முன்வந்தன. அயலான் வீடு பற்றியெரிகையில், அவன் கொடுத்த வாக்கைத் தாங்கள் காப்பாற்றினார்கள். தங்கள் நலமும் அதில் அடங்கியிருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஏழையின் கையிலிருந்த காகிதம் காகிதமாகிப் போகவில்லை.

எழுதுகோல் காத்த நோட்டு

நோட்டில் எழுத்தாளர் முகம் வந்த காரணத்துக்கு இனி வருவோம். 1825-இல் இங்கிலாந்தில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டு, ஊர்ப்புறத்துச் சிறு வங்கிகள் பல வீழ்ந்தன. சிறு தொகை நோட்டுகளே இதற்குக் காரணம் எனக் கருதிய அரசு, ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை நாடு முழுவதும் ஒழிக்க 1826-இல் முற்பட்டது. ஸ்காட்லாந்து மக்களின் அன்றாடப் புழக்கமோ ஒரு பவுண்டு நோட்டினாலேயே நடந்து வந்தது. அப்போது ஸ்காட், 'மாலக்கி மாலகுரோத்தர்' என்ற புனைபெயரில் எடின்பரோ வார இதழ் ஒன்றில் மூன்று கடிதங்கள் எழுதினார். ஓரிடத்து நோய்க்கு மற்றோரிடத்தில் மருந்து புகட்டுவானேன் என்பது அவர் வாதத்தின் சாரம். நாடே கிளர்ந்தது, அரசு பின்வாங்கியது, ஸ்காட்லாந்தின் ஒரு பவுண்டு நோட்டு பிழைத்தது.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. அதே 1826-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தாம் கூட்டுச் சேர்ந்திருந்த அச்சகமும் பதிப்பகமும் வீழ்ந்தமையால், ஸ்காட் ஓர் இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனுக்கு ஆளாகியிருந்தார். 'என்னால் இயலாது' என்று கைவிரித்து மஞ்சள் கடிதம் கொடுத்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ அதற்கு உடன்படாமல், எழுதி எழுதியே கடனைத் தீர்க்க முற்பட்டார். 1832-இல் இறக்கும்வரை எழுதினார். எஞ்சிய கடன் அவருடைய நூல்களின் வருவாயினால் பின்னர் அடைந்தது. நம் தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். அந்த இரு பொருளுக்கும் உரியவரின் முகம் அந்நோட்டில் பொறிக்கப்பட்டிருப்பது பொருத்தமன்றோ?

சட்டம் கூறுவது யாது?

1844-இல் இயற்றிய சட்டத்தால் இங்கிலாந்திலிருந்த தனியார் வங்கிகளின் நோட்டு வெளியீடு படிப்படியாக ஒடுங்கி, 1921-இல் முற்றிலும் நின்றது. ஸ்காட்லாந்துக்கு 1845-இல் வந்த சட்டம், இருந்த வங்கிகளின் உரிமையைக் காத்து, ஒரு வரம்பு மட்டும் வகுத்தது. இவ்வுரிமை இன்றும் நீடிக்கிறது. வட அயர்லாந்திலும் அயர்லாந்து வங்கி, டான்ஸ்கே வங்கி, அல்ஸ்டர் வங்கி ஆகியவை நோட்டு வெளியிட்டு வருகின்றன.

எடின்பரோவிலிருந்து இலண்டன் செல்வோரும், இலண்டன் கடைக்காரரும் வாதிடும்போது தவறாமல் வெளிப்படும் சொல் 'சட்டப்படி செல்லும் பணம்' என்பது. 'இது சட்டப்படி செல்லும், நீ வாங்கியே தீரவேண்டும்' என்பார் ஒருவர். 'இது இங்கே சட்டப்படி செல்லாது' என்பார் மற்றவர். உண்மை என்னவெனில், இருவர் கூற்றும் வழக்குக்கு உதவாது. இங்கிலாந்து வங்கியின் நோட்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டுமே அச்சட்டத் தகுதி பெற்றது. ஸ்காட்லாந்து நோட்டுக்கு அத்தகுதி எங்குமே இல்லை, ஸ்காட்லாந்திலும் இல்லை! அங்கே எந்த வங்கியின் நோட்டுக்கும் அத்தகுதி கிடையாது. அரச நாணயச் சாலையின் நாணயங்களுக்கு மட்டுமே உண்டு. அப்படியிருந்தும் அங்கே ஆயிரக்கணக்கான கடைகளில் அல்லும் பகலும் நோட்டு கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டத்தில் அச்சொல்லின் பொருள் மிகக் குறுகியது. ஏற்கெனவே பட்ட கடனுக்கு, முழுத் தொகையையும் அத்தகைய பணத்தில் நீதிமன்றத்தில் செலுத்திவிட்டால், கடன் செலுத்தவில்லை என்று அவர்மேல் வழக்குத் தொடுக்க இயலாது என்பதே அது. கடையில் பண்டம் வாங்குவதோ இருவர் மனமொத்துச் செய்யும் பேரம். விற்பவர் எப்பணத்தையும் ஏற்கலாம், மறுக்கலாம். ஸ்காட்லாந்து நோட்டுகள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்ற முறையான பணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'வாங்கு' என்று எவரையும் கட்டாயப்படுத்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இந்நிலையை மாற்ற 2009-இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் மண்டெல் ஒரு தனியார் மசோதா கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை.

அந்நோட்டுகளின் பின்பலம் எத்தகையது என்பதையும் கூறவேண்டும். 2008-ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச வங்கி உள்ளிட்ட பெரு வங்கிகளை அரசே முட்டுக்கொடுத்துத் தாங்கியதை உலகறியும். 2009-இல் வந்த சட்டப்படி, இவ்வங்கிகள் வெளியிட்டுப் புழங்கும் நோட்டுகளுக்கு முழு ஈடான சொத்தை எந்நேரமும் தனியே ஒதுக்கி வைத்தாக வேண்டும். அதன் பொருட்டு இங்கிலாந்து வங்கி பத்து இலட்சம் பவுண்டு மதிப்புள்ள 'இராட்சத' நோட்டுகளையும், பத்துக் கோடி பவுண்டு மதிப்புள்ள 'பூத' நோட்டுகளையும் வைத்துள்ளது. இவை ஒருபோதும் வெளியே வருவதில்லை. ஆக, இலண்டன் கடையில் ஐயத்தோடு புரட்டப்படும் பத்துப் பவுண்டுக்குப் பின்னே, இலண்டன் வங்கியின் பாதுகாப்பறையிலேயே ஈடு இருக்கக்கூடும்!

தெற்கு நோக்கிய பயணம்

எடின்பரோவிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 630 கிலோமீட்டர். வேகமான இரயிலில் நாலரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். இடப்பக்கச் சாளரத்தில் வடகடல் தொடர்ந்து வருகிறது. எல்லையைக் கடந்து சிறிது நேரத்தில், ட்வீட் ஆற்றின்மேல் 28 வளைவுகளோடு 1850-இல் விக்டோரியா அரசி திறந்து வைத்த 'அரச எல்லைப் பாலம்'. பெரிக் என்னும் அந்த எல்லை நகரில் இருவகை நோட்டும் அன்றாடம் புழங்குவதால் யாரும் எதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. தெற்கே செல்லச் செல்லத்தான் அந்நோட்டுக்கு முகமறிந்தவர் குறைகின்றனர். எல்லையில் எந்தக் காவலரும் அதைத் தடுப்பதில்லை. அறிமுகமின்மையே அதற்குச் சுங்கச்சாவடி.

எனக்கு எதிரில் அமர்ந்து பயணம் செய்த ஸ்காட்லாந்து மூதாட்டி ஒருவர், மகள் வீட்டுக்குச் செல்வதாகக் கூறினார். புறப்படுமுன் வங்கிக்குச் சென்று, கையிலிருந்த நோட்டையெல்லாம் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொண்டாராம். "மறுத்துவிட்டால்கூடப் போகட்டும், நானே வீட்டில் அச்சடித்துக்கொண்டு வந்தவள்போல் வரிசையில் எல்லோர் முன்னும் என்னைப் பார்க்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை" என்றார். அவர் நொந்தது பணத்துக்காகவன்று என்பது தெளிவாயிற்று.

கடைக்காரரின் அச்சம்

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டுமல்லவா? இலண்டனின் கிழக்குப் பகுதியில் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரின் மளிகைக் கடையில் நான் நின்றிருந்தபோது, சுண்ணாம்புக் கறை படிந்த உடையில் ஒரு கட்டட வேலைக்காரர் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு பத்துப் பவுண்டு ஸ்காட்லாந்து நோட்டை நீட்டினார். கல்லாவிலிருந்த இளைஞன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். வேலைக்காரரின் முகம் சிவந்தது. உள்ளிருந்து வந்த கடைக்காரர் நோட்டைத் தடவிப் பார்த்து, வாங்கிப் போட்டு, சில்லறை கொடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"காசு நல்ல காசுதான் சுவாமி. பெடியன் முந்திக் காணேல்ல, அதால பயப்பிடுறான். கள்ளத்தாள் எண்டால் வங்கி பறிச்சுப்போட்டுச் சும்மா அனுப்பிவிடும். பத்துப் பவுண்ஸ் லாபம் எடுக்க நான் எத்தனை பாண் விக்க வேணும்?"

இளைஞனின் தயக்கத்தில் பகைமை இல்லை, பொறுப்பே இருந்தது. மூன்று வங்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் நூறு வரை பல மதிப்புகள், பழைய அச்சு, புதிய அச்சு. இவை அத்தனையையும் ஆண்டுக்கு இருமுறை காண்பவன் எவ்வாறு நினைவில் வைப்பான்? இங்கிலாந்து வங்கி நூறு பவுண்டு நோட்டே அச்சிடுவதில்லை; ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிடுகின்றன. அதை முதன்முறை காண்பவன் திகைப்பது இயல்பே.

கடைக்காரர் மேலும் சொன்னது என் உள்ளத்தை விட்டு அகலவில்லை: "நான் இஞ்ச வந்த புதுசில என்ர கடுதாசியளைத்தான் எல்லாரும் இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாத்தவை, சுவாமி. ஒரு மனுசன் நம்பி வேலை தந்தபடியாத்தான் இண்டைக்கு இந்தக் கடை."

திருட்டைத் தோற்கடித்த நோட்டு

வட்டார நோட்டினால் விளைந்த ஒரு நன்மையையும் குறிப்பிடாமல் விடலாகாது. 2004 டிசம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், நார்தன் வங்கியின் தலைமையகத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடி 65 இலட்சம் பவுண்டு கொள்ளை போயிற்று. கொள்ளைப் பணத்தில் பெரும்பகுதி அவ்வங்கியே அச்சிட்ட நோட்டுகள். எனவே வங்கி ஓர் உபாயம் செய்தது. தன் நோட்டுகளையெல்லாம் திரும்பப் பெற்று, 2005-இல் நிறத்தை மாற்றிப் புதிய நோட்டுகளை வெளியிட்டது. கொள்ளையர் பெட்டியிலிருந்த அவ்வங்கியின் பழைய நோட்டுகள் மாற்ற வழியின்றிச் செல்லாக்காசுக்கு நிகராயின. நாடு முழுவதற்கும் ஒரே நோட்டாயிருந்தால் இது எளிதில் இயலுமா?

நம் நாட்டிலும் இருந்ததே

'வெள்ளையரின் விசித்திரம்' என்று நாம் நகைக்க வேண்டாம். 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசு நோட்டு வெளியிடத் தொடங்கியபோது, கல்கத்தா, பம்பாய், சென்னை என்று வட்டங்கள் வகுத்தது. சென்னை வட்டத்து நோட்டு அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். எங்கே வெளியிடப்பட்டதோ அங்கேதான் அதற்கு வெள்ளி நாணயம் கேட்டுப் பெறும் உரிமை. நாடெங்கும் வெள்ளியைக் குவித்து வைக்க அரசினால் இயலாமையே அதற்குக் காரணம். 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டுக்கு, பர்மா நீங்கலாக, இத்தளை நீங்கிற்று. பத்து, ஐம்பது ரூபாய் நோட்டுகளுக்கு 1910-இலும், நூறு ரூபாய் நோட்டுக்கு 1911-இலும் நீங்கியது. இன்று எந்த நோட்டையும் எங்கும் மாற்றும் நமக்கு, நம் பாட்டனார் காலத்து அத்தொல்லை மறந்தே போயிற்று.

செல்வோருக்குச் சில சொற்கள்

பிரித்தானியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு எழுதும்போது இவற்றைக் குறிப்பிடலாம். ஸ்காட்லாந்திலிருந்தோ வட அயர்லாந்திலிருந்தோ தெற்கே புறப்படுமுன் நோட்டுகளை வங்கியில் மாற்றிக்கொள்வது நலம். மிஞ்சியவற்றை இங்கிலாந்தில் கணக்குள்ள வங்கியில் செலுத்திவிடலாம். ஊர் திரும்பும்போது அந்நோட்டுகளைக் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும். வெளிநாட்டில் பணமாற்றுவோர் பலர் அவற்றை ஏற்பதில்லை, அல்லது விலை குறைத்துக் கேட்பர். பழைய காகித நோட்டுகளுக்குப் பதிலாக இன்று நெகிழித் தாள் நோட்டுகளே புழங்குகின்றன. காகித நோட்டை யாரேனும் கொடுத்தால் வாங்காதிருப்பதே அறிவுடைமை. கடையில் மறுத்தால் வழக்காட வேண்டாம். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. இந்நாளில் அட்டையைத் தொட்டே பணம் செலுத்தும் வழக்கம் பரவியிருப்பதால், இவ்வாதமே அரிதாகி வருகிறது.

வாதம் அரிதாகலாம், அது எழுப்பும் கேள்வி அரிதாகாது. எந்தச் சட்டத்தின் கட்டாயமும் இன்றி ஒரு நாட்டு மக்கள் மூன்று நூற்றாண்டுகளாகத் தங்கள் வங்கிகளின் நோட்டை ஏற்று வாழ்கின்றனர். அதே நோட்டு, அறியாதவர் முன்னே ஐயத்துக்கு ஆளாகிறது. நோட்டு மாறவில்லை, பார்க்கும் கண்தான் மாறியது. மனிதர்களும் அப்படியே. தன் ஊரில் பெயரும் மதிப்பும் பெற்றவர் பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்து சேரும்போது, அவர் மொழியும் உடையும் நமக்குப் புதியன என்பதற்காகவே அவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கள்ள நோட்டைக் கண்டறியும் கவனம் கடைக்காரருக்கு வேண்டியதே. நல்ல நோட்டை நல்லதென்று அறிந்துகொள்ளும் கவனமும் அதனினும் குறையாமல் நமக்கு வேண்டும்.